16 வாரப் பள்ளிப் பயிற்சி: ஒரே வகுப்பை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்

கணிதம் எடுத்து பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அடுத்த மாதம் 16 வாரப் பள்ளிப் பயிற்சி தொடங்குகிறது. போன ஆண்டு போய் வந்தவர்களில் ஒருவர், ரெக்கார்ட் எழுதியே நாள் போய்விட்டது, ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்கிறார். இன்னொருவர், பி.எட்.டில் நான் கற்றதெல்லாம் அந்தப் பள்ளியில்தான் என்கிறார். எதை நம்புவது? நான் எப்படித் தயாராக வேண்டும்?"

இருவர் சொல்வதும் உண்மைதான். ஒரே பள்ளிக்கு, ஒரே பருவத்தில் வந்த இரண்டு பேரே இப்படி இரண்டு விதமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியர். பல ஆண்டுகளாகப் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு வழிகாட்டி ஆசிரியராகவும் இருக்கிறேன். அந்த இடத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

இந்த 16 வாரம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்தால், அதை எதற்குப் பயன்படுத்த வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். முன்பு பி.எட். ஓராண்டுப் படிப்பு. பள்ளிப் பயிற்சி என்பது 40 நாள் வாக்கில் முடிந்துவிடும். ஆசிரியர் கல்வியின் நிலையை ஆராய உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையம் 2012இல் அறிக்கை கொடுத்தது. அதன் பிறகு தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014இல் புதிய விதிமுறைகளைக் கொண்டுவந்து, 2015-16 முதல் பி.எட்.டை இரண்டு ஆண்டாக்கியது. அதில் பள்ளியில் இருக்க வேண்டிய காலம் மொத்தம் 20 வாரம். முதல் ஆண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. தொடக்கத்தில் ஒரு வாரம், வகுப்பு ஆசிரியர் பாடம் நடத்துவதை உட்கார்ந்து கவனிக்க வேண்டும் என்று விதிமுறையே சொல்கிறது. மற்ற வகுப்புகளுக்கு 80 சதவீத வருகை போதும், பள்ளிப் பயிற்சிக்கு மட்டும் 90 சதவீதம் வேண்டும்.

40 நாளில் ஒருவர் பாடம் நடத்திக் காட்டலாம், அவ்வளவுதான். நடத்திய பாடம் பிள்ளைகளிடம் என்ன ஆனது என்று பார்க்க நேரம் இருக்காது. 16 வாரத்தில் அதைப் பார்க்கலாம். ஒரு அலகைத் தொடங்கி, முடித்து, தேர்வு வைத்து, விடைத்தாளைத் திருத்தி, தவறிய பிள்ளைகளுக்குத் திரும்பச் சொல்லிக்கொடுத்து, இரண்டாவது முறை அவர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்றும் பார்க்கலாம். நீட்டித்த காலத்தால் உங்களுக்குக் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். "ஒன்றும் கற்கவில்லை" என்று சொன்னவருக்கு இந்த லாபம் கிடைக்காமல் போயிருக்கும்.

எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். நீங்கள் கல்லூரிக் கடிதத்தோடு தலைமை ஆசிரியரைப் பார்ப்பீர்கள். அவர் பாட ஆசிரியரைக் கூப்பிட்டு ஒப்படைப்பார். முதல் வாரம் எல்லோரும் அன்பாக இருப்பார்கள். அப்புறம் ஒருநாள் ஒரு ஆசிரியர் விடுப்பு, இன்னொருவர் பயிற்சிக் கூட்டத்துக்குப் போயிருப்பார், இன்னொருவர் எமிஸ் (மாணவர் விவரங்களை ஏற்றும் கல்வித் துறை இணையதளம்) பதிவில் உட்கார்ந்திருப்பார். "பி.எட். டீச்சர் யாராவது 7 பி-க்குப் போங்கம்மா" என்று குரல் வரும். மறுநாள் 6 ஏ. அதற்கு மறுநாள் மாலையில் விளையாட்டு வகுப்பு. ஆள் பற்றாக்குறை உள்ள பள்ளியில் இது தவிர்க்க முடியாதது, ஆசிரியர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். ஆனால் இரண்டு மாதம் இப்படியே ஓடினால் உங்களுக்கு எந்த வகுப்பும் சொந்தமாக இருக்காது. எந்தப் பிள்ளை எதில் தடுமாறுகிறது என்று தெரியாது, வகுப்பை அமைதியாக வைத்திருப்பது ஒன்றே வேலையாகிவிடும்.

அதனால் முதல் வாரத்திலேயே, வழிகாட்டி ஆசிரியரிடம் பணிவாக ஆனால் தெளிவாகக் கேளுங்கள்: "சார், எனக்கு ஒரு வகுப்பை முழுசா குடுங்க. கடைசி வரைக்கும் அந்தக் கணக்கு பீரியட் நானே எடுக்கறேன். மத்த நேரத்துல எந்த வகுப்புக்குப் போகச் சொன்னாலும் போறேன்." பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். 10ஆம் வகுப்பைக் கேட்காதீர்கள், பொதுத்தேர்வு இருப்பதால் தயங்குவார்கள், அந்தத் தயக்கம் நியாயமானது. 8 அல்லது 9 கேளுங்கள். என்னிடம் வருகிறவர்களுக்கு நான் 8ஐத்தான் கொடுப்பேன். பொதுத்தேர்வு நெருக்கடி இல்லை, ஆனால் கீழ் வகுப்புகளில் விட்டுப்போனதெல்லாம் அங்கே வெளியே தெரியும்.

உதாரணத்துக்கு ஒன்று. 8ஆம் வகுப்பில் விகிதமுறு எண்கள் பாடம் வரும். பின்னங்களைக் கூட்டுவது 6ஆம் வகுப்பிலேயே முடிந்த சங்கதி என்று பாடப்புத்தகம் எடுத்துக்கொள்ளும். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் இந்தப் பாடத்தை மிக நன்றாக நடத்தினார். வண்ணத்தாளில் சார்ட், மீ.சி.ம (மீச்சிறு பொது மடங்கு) காணும் படிகள், கரும்பலகையில் சீரான கையெழுத்து. "புரிஞ்சுதா?" என்றார். "புரிஞ்சுது மிஸ்" என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. அந்த வார இறுதியில் சின்னதாக ஒரு தேர்வு வைத்தார். 1/2 + 1/3 என்ற கணக்குக்கு வகுப்பில் பாதிப் பேர் 2/5 என்று எழுதியிருந்தார்கள். தொகுதியோடு தொகுதியைக் கூட்டு, பகுதியோடு பகுதியைக் கூட்டு. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு வாரம் நடத்தியது வீணா என்று கேட்டார்.

நான் அவரிடம், சரியான விடையைத் திரும்பச் சொல்லாதீர்கள், இந்த 2/5 எப்படி வந்தது என்று பிள்ளைகளையே கேளுங்கள் என்றேன். மறுநாள் கேட்டார். ஒரு பையன் எழுந்து, "பெருக்கும்போது மேல மேல, கீழ கீழதானே மிஸ் பெருக்கறோம், கூட்டும்போது மட்டும் ஏன் மாத்தணும்?" என்றான். அருமையான கேள்வி. அந்தப் பிள்ளை கவனக்குறைவால் தவறு செய்யவில்லை. தனக்குத் தெரிந்த ஒரு விதியை இங்கேயும் நேர்மையாகப் போட்டுப் பார்த்திருக்கிறான். அவர் ஒரு தாளை எடுத்துப் பாதியாக மடித்துக் காட்டினார். "இது அரை. இதோட இன்னும் கொஞ்சம் சேர்க்கறோம். அப்போ வர்றது அரையை விடப் பெருசா, சின்னதா?" "பெருசு." "2/5 அரையை விடப் பெருசா?" வகுப்பு யோசித்தது. ஐந்தில் இரண்டு, பாதிகூட இல்லை. அரையோடு சேர்த்தால் எப்படி அரையை விடக் குறையும்? அந்த இடத்தில்தான் பிள்ளைகளுக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்த பிறகு மீ.சி.ம எதற்கு என்பதை விளக்க அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. இரண்டு பின்னங்களையும் ஒரே அளவுத் துண்டுகளாக்கினால் 3/6, 2/6. கூட்டினால் 5/6. இரண்டு வாரம் கழித்து அதே மாதிரிக் கணக்கைத் திரும்பக் கொடுத்தார். பழைய தவறு சிலரிடம் மட்டுமே மிஞ்சியிருந்தது. அந்தச் சிலரை மதிய இடைவேளையில் தனியாக உட்கார வைத்துப் பேசினார்.

தினமும் ஒரு வகுப்பு என்று மாறிக்கொண்டிருந்தால் இது நடந்திருக்கவே முடியாது. நல்லபடியாக நடத்தினோம் என்ற திருப்தியோடு அந்தப் பெண் கல்லூரிக்குத் திரும்பியிருப்பார், அந்த 2/5 அப்படியே 9ஆம் வகுப்புக்குப் போயிருக்கும்.

கல்லூரியில் உங்களுக்கு நுண்ணிலைக் கற்பித்தல் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான முறை அது. ஒரு நேரத்தில் ஒரு திறனை மட்டும் எடுத்து, சில நிமிடம் நடத்திப் பழகுவது. தொடங்குதல், விளக்குதல், வினா கேட்டல், வலுவூட்டல் என்று ஒவ்வொன்றாகச் செய்திருப்பீர்கள். நல்ல முறைதான், குரலுக்கும் கரும்பலகைக்கும் பழக்கம் வரும். ஆனால் அங்கே மாணவர்களாக உட்கார்ந்தது உங்கள் தோழிகள். அவர்கள் யாரும் 2/5 என்று சொல்லியிருக்க மாட்டார்கள். பள்ளியில் முதல் இரண்டு வாரம் திட்டமிட்டபடி எதுவும் நடக்கவில்லை என்றால் பயப்படாதீர்கள். எல்லோருக்கும் அப்படித்தான். பாடக்குறிப்பு முழு பீரியடுக்கு எழுதியிருப்பீர்கள். வருகை எடுத்து, சத்தம் அடங்கி, வீட்டுப்பாடம் பார்த்து முடிக்கும்போது கையில் அரை மணி நேரம் இருந்தால் பெரிது. எதை விட்டாலும் விடக் கூடாத இரண்டு கேள்விகளைக் குறிப்பின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை நேரத்துக்கு ஏற்றபடி கூடலாம், குறையலாம்.

அடுத்து ரெக்கார்ட். பாடக்குறிப்பு நோட்டு, கூர்நோக்கல் பதிவு, அடைவுத் தேர்வுப் பதிவு, தனியாள் ஆய்வு (ஒரே பிள்ளையைக் கவனித்து எழுதுவது), செயலாய்வு (வகுப்பில் கண்ட ஒரு சிக்கலுக்குத் தீர்வு செய்து பார்த்து எழுதுவது), துணைக்கருவிகள், ஆல்பம் என்று கல்லூரிக்குக் கல்லூரி பட்டியல் நீளும். இரவு பன்னிரண்டு மணி வரை ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டுவிட்டு, காலையில் வகுப்பில் தூங்கி விழுகிற பயிற்சி ஆசிரியர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. சீனியரின் நோட்டை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றி எழுதுகிற வழக்கமும் இந்தச் சுமையால் வந்ததுதான். அதைச் செய்யாதீர்கள். ஒழுக்கக் காரணம் ஒருபுறம் இருக்கட்டும், நேரக் கணக்கிலேயே அது நஷ்டம். அடைவுத் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி, திட்டவிலக்கம், வரைபடம் எல்லாம் கேட்பார்கள். இல்லாத மதிப்பெண்களைக் கற்பனை செய்து கணக்குப் போடவும் அதே நேரம்தான் ஆகும். உங்கள் வகுப்பின் உண்மை மதிப்பெண்களை வைத்துப் போட்டால் குறையறி சோதனைக்கும், குறைதீர் கற்பித்தலுக்கும், செயலாய்வுக்கும் அந்த ஒரே தேர்வு பொருள் கொடுக்கும். மேலே சொன்ன பெண்ணின் செயலாய்வுத் தலைப்பே பின்னக் கூட்டல் பிழைகள்தான். அவர் தனியாகப் பொருள் தேடி அலையவில்லை.

தனியாள் ஆய்வுக்கு எல்லோரும் வகுப்பில் அதிகம் சேட்டை செய்கிற பையனையே தேர்ந்தெடுக்கிறார்கள். நான்காவது வரிசையில் யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையை எடுத்துப் பாருங்கள். சத்தம் போடாது, கேள்வி கேட்காது, நோட்டு சுத்தமாக இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னால்தான் அது எழுத்துக் கூட்டிப் படிக்கிறது என்று தெரியும். கரும்பலகையைப் பார்த்து அப்படியே எழுதி எழுதி 8ஆம் வகுப்பு வரை வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். முழுநேர ஆசிரியருக்கு ஐந்து வகுப்புகள், ஒவ்வொன்றிலும் நாற்பது முகம். இதைக் கண்டுபிடிக்கும் நேரம் அவரை விட உங்களுக்குத்தான் அதிகம். கண்டுபிடித்தால் வகுப்பு ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். பதிவேட்டில் அந்தப் பிள்ளையின் உண்மைப் பெயரை எழுதாதீர்கள், அந்த நோட்டு பல கைகளுக்குப் போகும்.

பிள்ளைகள் உங்களை "ட்ரெயினிங் டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்கள். மதிப்பெண் உங்கள் கையில் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். முதல் சில நாள் சோதித்துப் பார்ப்பார்கள், யாராவது பின்னால் இருந்து உங்கள் குரலில் பேசிக் காட்டுவார்கள். அந்த நேரத்தில் ஒரு மூத்த ஆசிரியர் அக்கறையோடு, "ரெண்டு போடும்மா, அப்பதான் பயம் இருக்கும்" என்று சொல்லக்கூடும். வேண்டாம். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது, திட்டி அவமானப்படுத்துவதும் அதில் அடங்கும். சட்டம் இல்லாவிட்டாலும், பயத்தால் அமைதியான வகுப்பில் எந்தப் பிள்ளையும் "ஏன் மாத்தணும் மிஸ்?" என்று கேட்காது. பெயர்களைச் சீக்கிரம் மனப்பாடம் செய்யுங்கள். அதை விடப் பெரிய ஒழுங்குமுறை எனக்குத் தெரியவில்லை. "ஏய், மூணாவது பெஞ்ச்" என்பதற்கும், பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கும் வகுப்பு காட்டும் வித்தியாசத்தை முதல் வாரத்திலேயே பார்ப்பீர்கள்.

இன்னொன்று, இதைக் கல்லூரியில் பெரும்பாலும் சொல்லித் தருவதில்லை. வயதில் நெருக்கம் என்பதால், நிரந்தர ஆசிரியரிடம் சொல்லாததைப் பிள்ளைகள் உங்களிடம் சொல்வார்கள். அப்பா குடிப்பது, வீட்டில் கல்யாணப் பேச்சு எடுப்பது, சில நேரம் அதை விடக் கொடுமையானதும் வரும். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் தொல்லை என்று தெரிந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரியப்படுத்த வேண்டியது தெரிந்தவர் ஒவ்வொருவரின் கடமை, நீங்கள் பயிற்சியில் இருப்பவர் என்பதால் விலக்கு இல்லை. அன்றே தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள். அவர் தயங்கினால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ நீங்களே அழைக்கலாம். தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. இரண்டையும் பாடக்குறிப்பு நோட்டின் உள் அட்டையில் எழுதி வையுங்கள். கூடவே, பிள்ளைகளோடு செல்ஃபி, வாட்ஸ்அப் எண், இன்ஸ்டாகிராம் நட்பு எதுவும் வேண்டாம். கடைசி நாள் நிறையப் பேர் கேட்பார்கள், அன்போடு மறுத்துவிடுங்கள்.

ஆங்கில வழிப் பிரிவு கிடைத்தால்? அரசுப் பள்ளிகளிலும் இப்போது அது நிறைய இருக்கிறது. தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் இதற்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். பிள்ளைகளும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள்தான். கருத்தைத் தமிழில் விளக்குங்கள், கலைச்சொல்லையும் எழுதும் முறையையும் ஆங்கிலத்தில் கொடுங்கள், பிள்ளைகளை ஆங்கிலத்தில் எழுத வையுங்கள்.

செலவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பயிற்சிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு இரண்டு பேருந்து மாறி வருகிறவர்களை எனக்குத் தெரியும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் புறநகர்ப் பேருந்தில் வருகிறவருக்கு அந்தச் சலுகை உதவாது. உதவித்தொகை என்று எதுவும் வராது. சார்ட், மாதிரிகள், ரெக்கார்ட் பைண்டிங் எல்லாம் கைக்காசு. நாலு மாதம் முழுநேர ஆசிரியரின் பாதி வேலையைச் செய்கிறவர்களுக்குப் பயணப்படியாவது கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது வரும்வரை, பள்ளியைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் பெயர்பெற்ற பள்ளியை விட வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியைத் தேர்ந்தெடுங்கள். மிச்சமாகும் பயண நேரத்தில் விடைத்தாள் திருத்தலாம்.

பள்ளிக்கே போகாமல், பணமோ பழக்கமோ வைத்து வருகைக்குக் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று சிலர் சொல்வதும் உங்கள் காதுக்கு எட்டும். அப்படி முடித்தவர்கள் பிறகு வேலைக்கு வந்து, முதல் ஆறு மாதம் வகுப்புக்குள் நுழையவே நடுங்கியதைப் பார்த்திருக்கிறேன். அவர்களை விட அவர்களிடம் மாட்டிய பிள்ளைகளை நினைத்துத்தான் எனக்கு வருத்தம்.

வழிகாட்டி ஆசிரியர் எப்படி அமைவார் என்பது உங்கள் கையில் இல்லை. சிலர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார்கள். சிலர் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டாம் வகை வாய்த்தால், வாரத்துக்கு ஒரு பீரியடாவது வந்து உட்காரச் சொல்லிக் கேளுங்கள், அதுவும் "எப்படி இருந்துச்சு சார்?" என்று பொதுவாகக் கேட்காமல், "நான் யாரையெல்லாம் கேள்வி கேட்டேன்னு மட்டும் குறிச்சுக் குடுங்க சார்" என்று ஒரே வேலையைக் கொடுங்கள். அந்தத் தாளைப் பார்த்தால், முன் வரிசை ஆறு பேரிடமே திரும்பத் திரும்பக் கேட்டிருப்பது தெரியும். அவரும் கிடைக்காவிட்டால் உங்களோடு வந்திருக்கும் தோழியை உட்கார வையுங்கள். சக பயிற்சி மாணவரின் வகுப்பைக் கவனிப்பதும் விதிமுறையில் உள்ளதுதான்.

கல்லூரிப் பேராசிரியர் பார்க்க வரும் நாளில், ஏற்கெனவே நடத்தி முடித்த பாடத்தையே, பதில் பழகிய பிள்ளைகளை வைத்துத் திரும்ப நடத்திக் காட்டுகிற பழக்கம் பரவலாக இருக்கிறது. நல்ல பேர் வரும், உருப்படியான ஒரு கருத்து வராது. உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் பாடத்தை அன்று எடுங்கள், எங்கே தடுமாறுகிறீர்கள் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

காலக்கணக்கு ஒன்றையும் மனத்தில் வையுங்கள். வாரம் 5 நாள் என்றால் 16 வாரம் 80 நாள். காலாண்டுத் தேர்வு, விடுமுறை, தீபாவளி, மழை எல்லாம் இடையில் வரும். முதல் அலகை மூன்றாம் வாரத்தில் தொடங்கி, ஆறாம் வாரத்துக்குள் முதல் தேர்வை முடித்துவிடுங்கள். அப்போதுதான் திரும்ப நடத்தவும், இரண்டாவது தேர்வு வைக்கவும் இடம் இருக்கும். கடைசி மாதத்துக்குத் தள்ளினால் பள்ளியின் தேர்வு அட்டவணை உங்கள் நாட்களை எடுத்துக்கொள்ளும். இரண்டு தேர்வு விடைத்தாள்களையும் பிள்ளைகளிடம் கொடுக்கும் முன், பெயரை மறைத்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு இறுதியில் செய்முறைத் தேர்வுக்கு வரும் வெளித்தேர்வாளர் "பயிற்சியில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்கும்போது, ஆல்பத்தைப் புரட்டிக் காட்டுவதற்கு முன்னால் ஒரே பிள்ளையின் அந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.